கோணப்புளியங்கா அம்மன்

மரங்களை வெட்டுவது நகராட்சி என்றொரு நம்பிக்கை நாடு முழுக்கப் பரவியிருக்கிறது. இது மாபெரும் பிழை. நகராட்சி தீர்மானம் மட்டுமே போடும். எந்த மரம் என்று விரல் நீட்டிக் காட்டுவது அந்தந்த வீட்டு இல்லத்தரசி.

ஆம்பூரில் அந்தப் பங்குனியில் இரண்டு தீர்மானங்கள் நிறைவேறின. வீடுகளைப் புதிதாக அளந்து சொத்து வரி மதிப்பிடுவது ஒன்று. அளப்பதற்கு இடைஞ்சலான தெருவோர மரங்களை அகற்றுவது இன்னொன்று. இரண்டையும் சேர்த்துத் தன் வாசலுக்குப் பொருத்திப் பார்த்தவர் கமலவேணி. மரங்களுக்குக் குறி போட வந்த ஆளை அவரே கூப்பிட்டுக் காபி கொடுத்தார்.

வாசலில் நின்றது கோணப்புளியங்கா மரம். தெற்கத்தியார் கொடுக்காப்புளி என்பார்கள். ஷூ கம்பெனியில் ஓய்வுபெற்ற அவர் கணவர் கோவிந்தராஜுக்கு அதன் நிழலில் கிடந்த நாற்காலிதான் மிச்ச ஆயுள். சாயங்காலமானால் கம்பெனித் தோஸ்த் அப்துல் ஹமீத் வந்துவிடுவார். பழைய கதை ஓடும். டீயும் ஓடும்.

மரத்தில் வெள்ளைப் பெயிண்டைப் பார்த்ததும் கோவிந்தராஜ் நேரே சமையலறைக்குப் போனார்.

"கமலா, கல்யாணமான புதுசுல நான் கெளைய வளைச்சுப் புடிப்பேன், நீ எட்டி எட்டிப் பறிப்பே. மறந்துட்டியா?"

"மறக்கல. பாதியில கெளைய உட்டுட்டீங்க. முள்ளு கன்னத்தக் கிழிச்சுது."

"நீ சிரிச்சியே!"

"அன்னிக்கு சிரிச்சேன். இன்னிக்கு குப்பைய பெருக்குறேன். உங்க கச்சேரிக்கு டீ போட்டே பேஜாராப் போச்சு."

மறுநாள் கமலவேணி ரேஷன் கடைக்குப் போனார். கோவிந்தராஜ் செயலில் இறங்கினார். மரத்துக்கு மஞ்சள் துணி சுற்றி, பட்டையில் குங்குமம் அப்பி, அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். ரம்பத்தோடு வந்த ஆட்கள் எட்டவே நின்றுவிட்டார்கள்.

"சாமி இருக்குற மரத்துல கை வைக்க மாட்டோம் சார்."

அவர்கள் நகர்ந்ததும், அன்று சீக்கிரமே வந்து உட்கார்ந்திருந்த ஹமீத் கேட்டார்: "ஏம்பா, அம்மன் வேப்ப மரத்துலதான இருக்கும்? இங்க இன்னா வேலை?"

"டிரான்ஸ்ஃபர்" என்றார் கோவிந்தராஜ்.

கமலவேணி திரும்பி வந்தார். சண்டைக்குத் தயாராக இருந்தார் கணவர். மனைவியோ பையைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அம்மன யாருங்க கண்டது?"

"நான்தான். கனவுல வந்தா."

"அப்போ நீங்கதான் பூசாரி. மொதல்ல நாற்காலிய எடுங்க. அம்மன் எதிர்ல கால் மேல கால் போட்டு ஒக்காருவீங்களா? செருப்பக் கழட்டுங்க, மாட்டுத் தோலு."

"கொஞ்சம் நிதானமா, கமலா..."

"வைகாசித் திருவிழா முடியறவரைக்கும் கையில காப்பு. கட்டில் கெடையாது. பிரியாணி கெடையாது."

"பிரியாணியுமா?"

ஹமீத் எழுந்துவிட்டார். "நான் வைகாசி கழிச்சு வர்றேன் தோஸ்த்."

கமலவேணி குரலைத் தாழ்த்தினார். "இல்ல, கனவு பொய்யின்னா சொல்லிடுங்க. ரம்பக்காரங்க தெருமுனையிலதான் டீ குடிக்கிறாங்க. கூப்புடட்டுமா?"

கோவிந்தராஜ் மரத்தை அண்ணாந்து பார்த்தார். உச்சிக் கிளையில் காய்கள் சிவந்து சுருண்டு வெடித்திருந்தன. எட்டிப் பறிக்க இப்போது இருவராலுமே முடியாது. நாற்காலியை மடக்கிச் சுவரில் சாய்த்தார். செருப்பைக் கழற்றினார். மணிக்கட்டை நீட்டினார்.

கமலவேணி மஞ்சள் கயிற்றை இறுக்கிக் கட்டினார். கட்டும்போது அவருக்குச் சிரிப்பு வந்தது. கிளையை விட்ட அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பு.

அடுத்த வாரம் வீடுகளை அளக்க வந்த நகராட்சி ஊழியர் மரத்தடியில் டேப்பை வைத்துக் கும்பிட்டார். கோவிந்தராஜ் அவர் நெற்றியில் திருநீறு பூசினார். பிறகு ஊழியர் மாடி, படிக்கட்டு, கொல்லைப்புறத் தகரக் கொட்டகை எதையும் விடாமல் அளந்துகொண்டு போனார்.