வரட்டும் சார்

அதெல்லாம் சுத்தப் பொய். அவர் வீட்டைவிட்டு ஓடிப்போனார் என்று சொன்னது யாராக இருந்தாலும், கீழ்வீட்டுத் தையற்காரம்மாவாகவே இருந்தாலும், வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து பேசட்டும். ஓடிப்போவது என்றால் சும்மாவா? எந்த ஊருக்கு, எந்த வண்டியில், எந்தச் சட்டையோடு என்று எத்தனை முடிவு எடுக்க வேண்டும்! பல் துலக்கும் பிரஷ் வாங்கப் போன இடத்தில் பச்சையா நீலமா என்று இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே நின்று, கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு குனிந்து வெளியே வந்து, மறுநாள் காலை விரலால் பல் துலக்கிய மனிதர் அவர். அவரா ஓடுவார்?

"பொண்டாட்டியோட ஏதோ தகராறு. விடுவிடுன்னு போனாரு, என் ரெண்டு கண்ணால பாத்தேன்" என்கிறார் தையற்காரம்மா. போனது நிஜம். சாயங்காலமே திரும்பி வந்ததும் நிஜம்தானே? அந்தக் கண் இரண்டும் அப்போது எங்கே போயிருந்தன? ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்று தெரியாமலா சொன்னார்கள்.

எதிர்வீட்டு இன்சூரன்ஸ்காரருக்கு வேறு புகார். "தலை நரைச்ச வயசுல காமிக்ஸா வாங்கித் தள்றாரு." வாங்குகிறாரா! ஐயா, அவர் காமிக்ஸ் வாங்குகிறவர் இல்லை. வாங்கப்போகிறவர். குளித்தவனுக்கும், குளிக்கப்போகிறேன் என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று பேசுகிறவனுக்கும் உள்ள தூரம் அது.

இப்படி ஓர் இனம் உலகத்தில் இருக்கிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். வந்த புத்தகம் இவர்களுக்குப் பொருட்டே இல்லை. வரப்போகிற புத்தகத்தில்தான் உயிர். தெருவில் இவருக்கு 'வரட்டும் சார்' என்று பெயர். "முதல்ல வரட்டும் சார், பாக்கலாம்" என்று ஒரு நாளைக்கு இத்தனை முறை சொல்கிறவருக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

மாதா மாதம் பட்டியல் ஒன்று வரும். அடுத்தடுத்த மாதங்களில் என்னென்ன காமிக்ஸ் வெளியாகப் போகிறது, யார் எழுதினது, யார் வரைந்தது, அட்டை எப்படி, கதை என்ன என்று எல்லாம் அதில் இருக்கும். அது வந்த அன்று அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பிள்ளை பிறந்த செய்தி கேட்டவர் மாதிரி ஒரு களை! முதல் சுற்றில் எதையும் தொடமாட்டார். படம் மட்டும் பார்ப்பார். இரண்டாவது சுற்றில் நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு எழுத்து எழுத்தாகப் படிப்பார். மூன்றாவது சுற்றுக்குப் பூதக்கண்ணாடி. அது தொழில் கண்ணாடி. பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் உட்கார்ந்து செயற்கைப் பல் செய்வது அவர் வேலை. அந்தக் கண்ணாடியால் பல்லிலே மயிரிழை விரிசல் கண்டுபிடிப்பார். வீட்டில் அதே கண்ணாடியால் அட்டைப்படத்தில் வில்லனுக்கு விரல் ஒன்று கூடுதலாக இருப்பதைக் கண்டுபிடிப்பார்.

பட்டியலில் எழுதியிருப்பதை அப்படியே நம்புகிற ஏமாளி என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். 'இந்த இதழில் நாயகன் சாகிறான்' என்று போட்டிருந்தால் ஒரு சிரிப்புச் சிரிப்பார். "போன வருஷமும் செத்தான். இவன் சாவை நம்பி ஒரு மனுஷன் அழ முடியுதா?" 'இனி எதுவும் பழையபடி இருக்காது' என்று போட்டிருந்தால், "அடுத்த மாசமே பழையபடி ஆயிரும்" என்பார். ஒரே கதையை நாலு அட்டை போட்டு விற்பார்கள்: மழையில் நிற்கிற அட்டை, மழை நின்ற அட்டை, முதுகைக் காட்டுகிற அட்டை, ஒன்றுமே இல்லாத வெள்ளை அட்டை. நாலில் எது என்பதற்கு நாலு ராத்திரி தூக்கம் கெடும். கடைசியில் பட்டியலில் மூன்று விதக் குறி போடுவார். 'டிக்' என்றால் வாங்கலாம். பெருக்கல் குறி என்றால் வேண்டாம். கேள்விக்குறி என்றால் வரட்டும், பார்க்கலாம். பட்டியலைத் தூரத்தில் வைத்துப் பார்த்தால் தூண்டில் முள் கொட்டிக் கிடக்கிற மாதிரி இருக்கும். அத்தனையும் கேள்விக்குறி.

ஆனால் ஒன்று, பல் விஷயத்தில் அவர் தாமதம் செய்ததே இல்லை. சொன்ன நாளில் சொன்ன பல். எதிரே ஒருத்தர் பொக்கை வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும்போது எந்த மனிதருக்கும் முடிவு எடுக்க வந்துவிடும். புத்தகம் வாயைத் திறந்துகொண்டு நிற்பதில்லையே, பாவம்.

சனிக்கிழமை மத்தியானம் இவர்கள் கூட்டமாகச் சேருகிற இடம் காமிக்ஸ் கடை. கடைக்காரம்மா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, யார் யாருக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டு முன்பதிவு செய்வார். கேட்ட பிரதிதான் வரவழைப்பார். விற்காமல் தங்கினால் திருப்பி அனுப்ப முடியாது, தலையில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். ஆகவே கேட்டால்தான் புத்தகம். இது பச்சைப் பிள்ளைக்கும் புரியும். இவர்களுக்குப் புரிகிறதா?

"தொடர் நல்லாருக்கும் போல இருக்கே, அண்ணே?" என்பார் சலூன்காரர்.

"இருக்கும் இருக்கும். ஆனா இதழ் இதழா வாங்கினா அலமாரியில நிக்காது. மொத்தத் தொகுப்பா வரட்டும், ஒரேயடியா வாங்கிடலாம்" என்பார் நம்மவர்.

"அண்ணன் சொன்னா சரிதான்" என்பார் லிஃப்ட் மெக்கானிக். மற்றவர்களும் தலையாட்டுவார்கள். தலையாட்டின வேகத்தில் அந்தத் தொடர் செத்துப்போகும். இதழை யாரும் வாங்கவில்லை என்றால் பதிப்பகத்தார் தொகுப்பை எதை வைத்துத் தொகுப்பார்கள்? கடல் வற்றினால் கருவாடு தின்னலாம் என்று உட்கார்ந்திருந்த கொக்கின் கதைதான். கொக்காவது தனியாகச் செத்தது. இவர்கள் கடலையும் சேர்த்துக் கொண்டுபோகிறார்கள். பிறகு அதே கடையில் கூடி நின்று இரங்கல் வேறு: "அருமையான தொடர் சார். நின்னு போச்சு. நம்ம ஜனங்களுக்கு ரசனையே கிடையாது." எந்த ஜனங்கள்? கடையில் இவர்களைத் தவிர ஒரு ஈ இல்லை!

இதுவரை எல்லாம் சிரிப்பதற்குத்தான். இவர் மனைவி விஷயம் வந்தபோதுதான் சிரிப்பு நின்றது.

அந்தம்மாவுக்கு ரயில் நிலையத்தில் வேலை; தொலைந்த பொருட்களை வாங்கி வைக்கிற அறை. குடை, ஒற்றைச் செருப்பு, கூண்டு இருக்கும் கிளி இருக்காது, இப்படி என்னென்னவோ வரும். வேலை முடிந்து வந்து சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு அதன்மேல் காகிதத்தை விரித்து வரைவார். வரைந்து வரைந்து அது ஒரு காமிக்ஸே ஆகிவிட்டது. கதாநாயகிக்குப் பறக்கத் தெரியாது, யாரையும் குத்தத் தெரியாது. தொலைந்த பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு உரியவரைத் தேடிப் போவாள், அவ்வளவுதான். முதல் கதையில் ரயிலில் யாரோ மறந்துவிட்டுப் போன பல் செட்டு. கீழ்வரிசை தப்பு என்று சொல்லி அந்தப் பல்லை அழித்து அழித்து வரைய வைத்தவரே நம்மவர்தான். ஒரு சின்னப் பதிப்பகம் அதை 'தொலைந்த பொருள்' என்ற பேரில் வெளியிட ஒப்புக்கொண்டது. அந்த மாதப் பட்டியலில் அந்தம்மா பேரும் வந்துவிட்டது.

"ஏங்க, பட்டியல் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"என் புத்தகத்துக்கு என்ன குறி?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கேள்விக்குறி."

"என் புத்தகத்துக்கா?"

"புத்தகத்துக்குத்தான். உனக்கு இல்லை."

"ஒவ்வொரு பக்கமும் வரைய வரைய நீங்க பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க!"

"பென்சில்ல பாத்தேன். அச்சுல எப்படி வரும்னு தெரியாதுல்ல? பொண்டாட்டி புத்தகம்னு கண்ணை மூடிட்டு வாங்கினா அது ரசனையா, சலுகையா? நாளைக்கு நாலு பேர் கேப்பாங்க."

"அந்த நாலு பேரும் வாங்குவாங்களா?"

"தொகுப்பா வந்தா வாங்குவாங்க."

"முதல் இதழுக்கு ஆள் சேரலேன்னா ரெண்டாவது இதழே கிடையாதுன்னு பதிப்பகத்துல சொல்லிட்டாங்க. அப்புறம் தொகுப்பு எங்கேருந்து வரும், ஆகாசத்துலேருந்தா?"

"அவசரப்படாதே. வரட்டும், பாக்கலாம்."

"என்னைக் கட்டிக்கிட்டப்பவும் கேள்விக்குறிதானா?"

"அது எங்கம்மா போட்ட டிக்கு" என்றார் இந்தப் புத்திசாலி.

அந்தம்மா அழவில்லை, பாத்திரத்தை உருட்டவில்லை. உட்கார்ந்து பென்சிலைச் சீவினார். சீவின சீவலில் முக்கால் பென்சில் போய்விட்டது. மிச்சமிருந்த துண்டால் இரண்டாவது இதழை வரைய ஆரம்பித்தார். வருமா வராதா என்றே தெரியாத இதழை! அந்த வீட்டில் ஒருத்தருக்காவது கேள்விக்குறி போடத் தெரியாமல் இருந்ததே, அதைச் சொல்லுங்கள்.

நீங்கள் நினைப்பது தெரிகிறது, கல்நெஞ்சுக்காரர் என்று. இல்லை. ஆஸ்பத்திரிப் பின்னறையில் பல்லுக்கு மெருகு போட்டுக்கொண்டே, தன் மனைவி வரைகிற கதையைப் பற்றி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னவர்தான்; காமிக்ஸ் கடையில் மட்டும், சலுகை கேட்டதாகிவிடும் என்று வாயே திறக்கவில்லை. பெருமைக்குக் குறைவில்லை; பிரதிக்குத்தான் குறைவு. தனக்கு நியாயம் என்று பட்டதை வீட்டு ஆளுக்காக வளைக்கக் கூடாது என்று ஒரு பிடிவாதம். தராசைப் பிடித்த கை ஆடக்கூடாது என்பது சரி. தராசில் எதையுமே வைக்காமல் பிடித்துக்கொண்டே நின்றால்?

முன்பதிவு முடிகிற சனிக்கிழமை வந்தது. அந்தம்மாவுக்கு லீவு, மேசையில் குனிந்து வரைந்துகொண்டிருந்தார். வெளியே மழை. கடைக்காரம்மா மூன்று மணிக்குக் கணக்கை மூடி அனுப்பிவிடுவார். நம்மவர் ஜன்னலோரம் பட்டியலோடு உட்கார்ந்திருந்தார். சலூன்காரரிடமிருந்து கைபேசிக்கு ஒரு குரல் செய்தி வந்தது. அவர் அழுத்தினார். அறை முழுக்கக் கேட்டது.

"அண்ணே, நாங்க எல்லாரும் கடையில இருக்கோம். அந்தத் தொலைஞ்ச பொருள் புத்தகத்தை நீங்க சொன்ன மாதிரியே விட்டுட்டோம். தொகுப்பா வந்தா பாத்துக்கலாம். இந்தக் கடையில ஒருத்தர்கூடப் போடலை. நின்னுதான் போகும்னு நினைக்கிறேன். பாவம்ணே, நல்லா வந்திருக்க வேண்டிய தொடர். நம்ம ஜனங்களுக்கு ரசனை இல்லை."

பிறக்காத பிள்ளைக்கு இரங்கல்! அதுவும் இவரே கற்றுக்கொடுத்த வார்த்தையில், பிசிறில்லாமல். மேசையில் ஓடிக்கொண்டிருந்த பென்சில் நின்றது. அந்தம்மா நிமிரவில்லை. நிமிர்ந்து ஒரு வார்த்தை திட்டியிருந்தாலாவது இவர் பதிலுக்கு நடுநிலை, ரசனை, சலுகை என்று மூன்று பாட்டுப் பாடியிருப்பார். பென்சில் நின்றதுதான் தாங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அது மறுபடி ஓட ஆரம்பித்தது. அதை அவரால் இன்னும் தாங்க முடியவில்லை.

எழுந்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க, கொட்டுற மழையில?"

"வந்து சொல்றேன்."

"குடையாவது எடுத்துட்டுப் போங்க."

கதவோரம் குடை இரண்டு தொங்கின. கறுப்பு ஒன்று, கட்டம் போட்டது ஒன்று. கறுப்புக்குப் பிடி நல்ல பிடி. கட்டம் போட்டதற்கு விரிவு அதிகம். கை கறுப்புக்குப் போயிற்று, நின்றது, கட்டத்துக்குப் போயிற்று, நின்றது. அங்கேயே நின்றிருந்தால் மணி மூன்று, நாலு, விடிந்தேகூட இருக்கும். கையை உதறினார். குடையே இல்லாமல் படியிறங்கி, ஒரு வாழ்நாளின் கேள்விக்குறி அத்தனையும் துரத்துகிற மாதிரி விடுவிடுவென்று நடந்தார். தையற்காரம்மா பார்த்தது இதைத்தான்.

கடையில் சொட்டச் சொட்ட வந்து நின்றவரைப் பார்த்துக் கடைக்காரம்மா ஸ்டூலிலிருந்து இறங்கிவிட்டார்.

"தொலைஞ்ச பொருள். என் பேர்ல போடுங்க."

"அண்ணே!" என்று பதறினார் லிஃப்ட் மெக்கானிக். "முதல் இதழையே இன்னும் பாக்கலையே!"

"பாத்துட்டுத்தான் வாங்கணும்னா அது முதல்ல பொறக்கணும்ல? நான் சொன்னது தப்புய்யா. வேணும்னா வேணும்னு சொல்லித் தொலைங்க."

கடைக்காரம்மா மெதுவாகக் கேட்டார். "இதுக்கு ரெண்டு அட்டை இருக்கு சார். எது போடட்டும்?"

அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். "உங்களுக்குப் பிடிச்சதைப் போடுங்கம்மா. சீக்கிரம். நான் யோசிக்கிறதுக்குள்ள."

சலூன்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எனக்கும் ஒண்ணு" என்றார். மூலையில் நின்ற தபால்காரர் கை தூக்கினார். லிஃப்ட் மெக்கானிக் மட்டும் கணக்காக, "அண்ணன்தான் வாங்குறாரே, நான் அவர்கிட்ட வாங்கிப் படிச்சுக்கறேன்" என்றார். அவரைக் கடைக்காரம்மா பார்த்த பார்வையில் அவருக்கும் ஒன்று பதிவாயிற்று. மணி மூன்று அடிக்கும்போது கணக்குப் போய்விட்டது.

இதுதான் நடந்தது. இனிமேல் யாராவது ஓடிப்போனார், கீடிப்போனார் என்றால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

இரண்டாவது இதழ் வருமா என்கிறீர்களா? ஒரு கடை ஆள் போதாதாம். ஊர் ஊராக இன்னும் ஆள் சேர வேண்டுமாம். மற்றக் கடைகளுக்கு இன்னும் கொஞ்சம் தவணை இருக்கிறது. உங்கள் தெருக்கோடியில் ஒரு கடை இருப்பது எனக்குத் தெரியும். என்ன, உதடு அசைகிறது? 'முதல்ல வரட்டும்' என்றுதானே வாய்க்குள் வந்தது? முழுங்கிவிடுங்கள். கதவு அதோ இருக்கிறது.