ஆர்லீன் பார்க்க நினைத்த ஆட்டம்

ஆட்டம் தொடங்கக் கால் மணி நேரம் இருக்கும்போது டிவி கையை விரித்துவிட்டது. ‘உங்கள் பகுதியில் இந்த ஆட்டத்தைப் பார்க்க இயலாது’ என்று கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி. ஆட்டம் நடக்கும் செயின்ட் லூயிஸ் மைதானமோ ஆற்றைத் தாண்டினால் காரில் அரை மணி.

ஆர்லீனுக்கு பேஸ்பால் மேல் பெரிய பற்று எதுவும் கிடையாது. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து, ஞாயிறு மத்தியானங்களில் அந்த வர்ணனைக் குரல் கேட்காமல் வீடு இருந்ததில்லை. கணவர் லாயிட் போய் மூன்று வாரம் ஆகிறது. அவருடைய சாய்வு நாற்காலியும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இருந்ததெல்லாம் போதும் என்றாகிவிட்டது. ரிமோட்டோ, அவர் இருந்தவரை அவள் கைக்கு வந்ததே இல்லை.

டென்வரில் இருக்கும் மகன் கர்ட்டைக் கூப்பிட்டாள். சொந்த ஊர் அணியின் ஆட்டத்தைச் சொந்த ஊர்க்காரர்களுக்கு நாடு முழுவதற்குமான பேஸ்பால் சந்தாவில் காட்டமாட்டார்கள், அதற்கு உள்ளூர் சேனலின் சந்தா தனி, அப்பா அதையும் வாங்கி வைத்திருந்தார் என்றான் அவன்.

“டென்வர்ல இருக்கற நீ பாக்கலாம். மைதானத்துக்குப் பக்கத்துல இருக்கற நான் பாக்கக் கூடாதா?”

“அவங்க விதி அப்படித்தாம்மா.”

அவன் சொன்ன பொத்தான்களை அழுத்தினாள். பச்சைப் புல்வெளி வந்தது. பந்து வீசுகிறவன் கையைத் தூக்கினான். தூக்கிய கை தூக்கியபடியே நின்றது. திரையில் மறுபடி ஒரு வரி வந்தது: அந்தக் கணக்கில் வேறொரு வீட்டு டிவி ஓடிக்கொண்டிருக்கிறதாம். ஒரு நேரத்தில் ஒரு வீடுதானாம்.

“நீதான் அங்க ஓசியில பாத்துட்டிருக்கியா?”

“அப்பா போய் மூணு வாரம்தான் ஆச்சு. நான் உக்காந்து அவர் டிவியைத் திருடிட்டிருக்கேன்னு நினைக்கிறியாம்மா?” என்று கேட்டு, போனை வைத்துவிட்டான். ஆட்டமும் போய், மகனும் போனான்.

சந்தா கம்பெனிக்குப் போன் போட்டாள். வெகுநேரம் கழித்து ஒரு பெண் வந்து, கணக்கு யார் பேரில் இருக்கிறதோ அவரிடம்தான் பேச முடியும் என்றாள். அவர் தவறிவிட்டார் என்றாள் ஆர்லீன்.

“ரொம்ப வருத்தமா இருக்கு மேடம். ஒரு நிமிஷம் அவர்கிட்ட போனைக் குடுக்கறீங்களா?”

அலமாரி மேல் பித்தளை ஜாடிக்குள் சாம்பலாக இருந்த லாயிட்டை ஆர்லீன் நிமிர்ந்து பார்த்தாள். “அவர் பேசற நிலைமையில இல்லைம்மா.”

அந்தப் பெண்ணுக்கு அப்போதுதான் உறைத்தது. இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னாள். யாரோ பாஸ்வேர்டைத் திருடியிருப்பார்கள். மாற்றிவிட்டால் திருடன் வீட்டு டிவி தானாக நின்றுவிடும். மாற்றுவதற்கான எண் மட்டும் அவருடைய போனுக்குத்தான் வரும்.

போன், ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பையில் இருந்தது. அவள் இன்னும் பிரிக்காத பை. பிரித்ததும் அவருடைய சவர லோஷன் வாசனை வந்தது. கட்டிலில் உட்கார்ந்து அழுது முடித்த பிறகுதான் போனை சார்ஜில் போட முடிந்தது. அதுவும் திறக்க எண் கேட்டது. தன் பிறந்த நாளைப் போட்டாள், இல்லை. கல்யாண நாள், இல்லை. அணி கோப்பையை வென்ற 1982ஐப் போட்டாள், திறந்துகொண்டது.

“படுபாவி மனுஷா” என்றாள் செல்லமாக.

எண் வந்தது. பாஸ்வேர்டை மாற்றினாள். ஆட்டம் ஓடத் தொடங்கியது; அணி தோற்றுக்கொண்டிருந்தது. வர்ணனைக்காரரின் குரல் கூடமெங்கும் நிறைந்தது. மூன்று வாரத்தில் முதல் தடவையாக அவருடைய நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டினாள். திருடன் இப்போது இருண்ட திரையை முறைத்துக்கொண்டிருப்பான் என்று நினைத்தபோது சிரிப்புக்கூட வந்தது. முதல் வேலையாகக் கர்ட்டிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

அதற்குள் லாயிட்டின் போன் அடித்தது. ‘டயர் கடை’ என்று காட்டியது. பாவம், அவர்களுக்கும் விஷயம் தெரியாது போலிருக்கிறது. எல்லோருக்கும் சொல்லிச் சொல்லிப் பழகிய வாக்கியத்தை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, போனைக் காதில் வைத்தாள்.

“அப்பா,” என்றது ஒரு சிறுமியின் குரல், “இத்தனை நாளா போனை எடுக்கல, இப்ப டிவியையும் நிறுத்திட்டீங்க. இனிமே நம்ம வீட்டுக்கு வரவே மாட்டீங்களா?”