பட்டர்ஃப்ரூட் அக்காவுக்கு நான் வைத்த பரீட்சை

கொடைக்கானலில் கடவுளை அதட்டி வேலை வாங்கத் தெரிந்த ஆள் ஒருவர்தான். அவர் பட்டர்ஃப்ரூட் அக்கா. அந்த அக்காவின் வாயை ஓர் அட்டைப்பெட்டியால் அடைத்தவன் நான். தெரியாமல் செய்துவிட்டேன் என்று எழுதினால் எனக்குக் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். ஆனால் தெரிந்துதான் செய்தேன். கமிட்டியில் தீர்மானம் போட்டு, மினிட்ஸ் எழுதி, கையெழுத்தும் வாங்கிச் செய்தேன்.

நான் முப்பத்தாறு வருடம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் கற்றுக்கொடுத்தவன். ஓய்வு பெற்றதும் எங்கள் கிறிஸ்தவ சபைக்குச் செயலாளர் ஆனேன். வேறு யாரும் அந்தப் பதவிக்கு வரவில்லை. வர நினைத்தவர்களை நான் விடவுமில்லை. எங்கள் கோயில் சின்னது. ஆயர் ஒரு பெண்மணி. அவரை ஆயரம்மா என்று அழைக்கிறோம். அவர் கணவரை எப்படி அழைப்பது என்று சபை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது. வாசலில் 'எல்லாரும் வரலாம்' என்று ஒரு பலகை உண்டு. பெயின்ட் டப்பாவும் பிரஷ்ஷும் வாங்கி அந்த எழுத்தை எழுதியவன் நான்தான். எழுதினேனே தவிர, ஒருநாளும் வாசிக்கவில்லை.

பலகையை வாசிக்கத் தெரியாமலே அதன்படி நடந்தவர் அக்கா. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பட்டர்ஃப்ரூட்டும் பிளம்ஸும் விற்பார். ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர், தலையில் ஆண்கள் கட்டும் மப்ளர். அவருக்கு அறுபது வயது இருக்கும். எனக்கு அதைவிடப் பத்து அதிகம். இருந்தாலும் ஊருக்கே அக்கா என்பதால் எனக்கும் அக்காதான். வியாபாரத்தில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பழம் கேட்டால், "என்னைக்குத் திம்பீங்க?" என்பார். வியாழக்கிழமை என்றால் வியாழக்கிழமை கனிகிற பழத்தைத்தான் தருவார். "எதையாவது குடும்மா" என்ற சென்னைக்காரர் ஒருவரிடம், "எதையாவது திங்கிறவருக்கு எங்கிட்டப் பழம் இல்லீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

பழம் வாங்க வந்தவரை அக்கா விடமாட்டார். "ஞாயித்துக்கெழம என்ன சோலி? வெள்ளனே கோயிலுக்கு வந்துருங்க" என்பார். ஏரிக்கரையில் பிரெட் ஆம்லெட் கடை போட்டிருக்கும் திருநங்கை ஷைலா அப்படி வந்தவர்தான். பேத்துப்பாறையிலிருந்து கூலி வேலைக்கு வரும் இரண்டு குடும்பங்கள் அப்படி வந்தன. கழிப்பறை எங்கே என்று மட்டும் கேட்ட ஒரு டூரிஸ்ட் வேன் டிரைவர் இரண்டு மணி நேர ஆராதனையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். தைலக்கடை பாய் மட்டும் வரமாட்டார். அவருக்கு அவருடைய பள்ளிவாசல் இருக்கிறது. ஆனால் அவருடைய முழங்கால் எல்லா ஞாயிறும் எங்கள் கோயிலுக்கு வந்துவிடும்.

எப்படி என்றால், ஆராதனையில் விண்ணப்ப ஜெபம் என்று ஒரு நேரம் உண்டு. யார் வேண்டுமானாலும் எழுந்து ஜெபிக்கலாம். அக்கா எழுந்தால், மற்றவர்கள் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்துகொள்வார்கள்.

"ஏப்பா கர்த்தாவே, போன வாரமே சொன்னேன். தைலக்கடை பாய்க்கு முட்டி வீங்கிப் போய்க் கெடக்கு. ஊருக்கெல்லாம் தைலம் விக்கிறவருக்கு அவரு தைலமே கேக்க மாட்டேங்குது. நீ என்னதான் செஞ்சுக்கிட்டு இருக்க? பேத்துப்பாறை முருகேசனுக்கு மூணு நாளா வேல இல்ல. பீன்ஸ் எடுக்க ஆள் வேணும்னு யாரோ சொன்னாங்களே, அவங்க காதுல கொஞ்சம் போடுப்பா, வெரசா!"

அந்த யாரோ பெரும்பாலும் மூன்றாவது பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார். திங்கட்கிழமை முருகேசனுக்கு வேலை கிடைத்துவிடும். அக்காவின் ஜெபம் மேலே போகிற வழியில் எல்லார் காதிலும் விழுந்துவிட்டுப் போகும். எங்கள் சபை செய்த நல்ல காரியங்களில் பாதி அப்படி நடந்தவை. ஆண்டறிக்கையில் அவற்றை 'செயலாளரின் முயற்சியால்' என்று நான் எழுதினேன்.

இப்படிப்பட்ட அக்காவோடு எனக்கு என்ன பகை? காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எனக்கு மூலம் இருந்தது.

ஊரில் யாருக்கும் தெரியக்கூடாது என்று வத்தலக்குண்டு வரை பஸ்ஸில் போய் டாக்டரைப் பார்த்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் பாதி சீட் காலி. நான் கம்பியைப் பிடித்தபடி மலைப்பாதை முழுக்க நின்றுகொண்டே வந்தேன். "சார், உக்காருங்க" என்று கண்டக்டர் நான்கு முறை சொன்னார். "இயற்கையை ரசிக்கிறேன்" என்றேன். வெளியே மேகம் மூடி ஒன்றுமே தெரியவில்லை. கடைசி சீட்டில், காலிப் பழக்கூடைகளுக்கு நடுவே அக்கா இருந்ததை இறங்கும்போதுதான் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு, விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்புப் பண்டிகை. பேராயர் வந்திருந்தார். நான் புது கோட் போட்டிருந்தேன். விண்ணப்ப ஜெபத்தில் அக்கா எழுந்தார்.

"ஏப்பா, நம்ம செக்ரட்டரி சாருக்கு உக்கார முடியலப்பா. சீட்டெல்லாம் காலியாக் கெடக்கு, மனுசன் வத்தலக்குண்டுல இருந்து நின்னுக்கிட்டே வர்றாரு. கேட்டா இயற்கைங்கிறாரு. அது இயற்கை இல்ல, மூலம்னு உனக்கும் எனக்கும் தெரியும். உக்கார முடியாத ஆளு எப்பிடிப்பா மினிட்ஸு எழுதுவாரு? சரி பண்ணிக் குடு."

அன்றைக்குச் சபை சொன்ன ஆமென் போல ஓர் ஆமென்னை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. அதோடு முடியவில்லை. பேராயர் எழுந்தார். தம் நாற்காலியில் இருந்த சிவப்பு வெல்வெட் குஷனை எடுத்துக்கொண்டு நேராக நடந்து வந்து, என் பெஞ்சில் வைத்து, "உட்காருங்கள், செயலாளர்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி ரோஸ்லின், "ஏங்க, எனக்கே சொல்லலியே நீங்க! கோயில்ல ஜெபத்துலதான் தெரிஞ்சுக்கணுமா?" என்றாள். அவளுக்குக் கோபம் பாதி, சிரிப்பு பாதி. எனக்கு முழுக்க முழுக்கக் கோபம்.

அந்த வாரமே கமிட்டியைக் கூட்டினேன். ஆராதனையில் ஒழுங்கு வேண்டும் என்று முக்கால் மணி நேரம் பேசினேன். இனி விண்ணப்பங்களைச் சீட்டில் எழுதி, வெள்ளிக்கிழமை மாலைக்குள் கோயில் வாசலில் வைக்கும் அட்டைப்பெட்டியில் போட வேண்டும். இருபத்தைந்து வார்த்தைக்கு மேல் கூடாது. ஆயரம்மா தயங்கினார். "எல்லாருக்கும் எழுத வருமா சார்?" என்றார். "வராதவர்கள் யாரையாவது கேட்டு எழுதலாமே" என்றேன். அக்கா யாரையும் கேட்கமாட்டார் என்பது எனக்குத் தெரியும். எந்தப் பாட்டுக்கும் பாட்டுப் புத்தகத்தில் ஒரே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, மனப்பாடமாகப் பாடுகிறவர் அவர். அதை எத்தனையோ ஞாயிறு பின்பெஞ்சிலிருந்து பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் பரீட்சை வைத்துப் பழகிய கை. கோயில் வாசலிலும் ஒன்று வைத்துவிட்டது.

முதல் வாரம் பெட்டியில் மூன்று சீட்டு. அதில் ஒன்று நான் எழுதியது: 'உலக சமாதானம்.' விண்ணப்ப ஜெபம் ஒரு நிமிடத்தில் முடிந்தது. அக்கா எழவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது.

இரண்டாம் வாரம் பெட்டியைத் திறந்தால் உள்ளே குப்பை. ஒரு தைலப் புட்டியின் மூடி. காய்ந்த பீன்ஸ் இரண்டு. துருப்பிடித்த ஒரு சாவி. கசங்கிய ஒரு பஸ் டிக்கெட். அக்காதான் போட்டிருக்கிறார் என்று பார்த்தவுடன் தெரிந்தது. மூடி பாயின் முழங்கால், பீன்ஸ் முருகேசனின் வேலை; அதுவும் புரிந்தது. எழுத வராதவர் எழுதிய சீட்டுகள் அவை. 'செல்லாதவை' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு குப்பைத் தொட்டியில் போட்டேன். ஆயரம்மாவிடம், "இந்த வாரம் சீட்டு ஒன்றும் இல்லை" என்றேன்.

சனிக்கிழமைகளில் கோயிலைப் பெருக்குவது பெண்கள். அந்தச் சனிக்கிழமை பெருக்க வந்தவர் அக்கா. தொட்டியைக் கவிழ்த்தவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துடைத்து, முந்தானையில் முடிந்துகொண்டு, விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போய்விட்டாராம். பிறகு வரவில்லை. அடுத்த மாதத்துக்குள் ஷைலா வரவில்லை, முருகேசன் வரவில்லை. பின்பெஞ்சுகள் இரண்டும் காலி. 'ஆராதனை அமைதியாக நடைபெற்றது' என்று நான் பதிவேட்டில் எழுதினேன்.

இதற்கிடையே மதுரையில் எனக்கு ஆபரேஷன் ஆனது. ஊர் திரும்பிப் படுத்திருந்தபோது மேஜையில் ஆறு பட்டர்ஃப்ரூட் இருந்தன. ஒவ்வொன்றின் காம்புக்கும் நூல் கட்டியிருந்தது: ஒரு முடிச்சு, இரண்டு முடிச்சு, மூன்று என்று.

"அக்கா குடுத்துட்டுப் போச்சு. ஒரு முடிச்சு இன்னைக்கு, ரெண்டு முடிச்சு நாளைக்கு. வயித்துக்கு எளக்கமா இருக்குமாம்" என்றாள் ரோஸ்லின்.

"என் மேல கோபம் இல்லையாமா?"

"நீங்க எறிஞ்சீங்களே ஒரு பஸ் டிக்கெட்டு. அது யாருக்குன்னு நெனச்சீங்க? வத்தலக்குண்டு டூ கொடைக்கானல்!"

நான் ஒரு முடிச்சுப் பழத்தைக் கையில் எடுத்தேன். அவள் விடவில்லை.

"அந்தச் சாவி யாருக்குன்னு தெரியுமா? ஷைலாவுக்கு. வீட்டுக்காரர் மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டாரு. ஊருல ஒருத்தரும் அவளுக்கு வீடு தரல. இந்தக் குளிருல கடைத் தார்ப்பாய்க்குள்ள படுத்துக் கெடக்கா. அக்கா வாயில சொல்லியிருந்தா கோயில்ல யாராவது கேட்டிருப்பாங்கல்ல?"

கேட்டிருப்பார்கள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை சும்மாதான் கிடந்தது. கேட்டிருக்க வேண்டியவன் நான்.

நடக்க முடிந்த முதல் நாளே பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். வெறுங்கையோடு போகவில்லை. ஒரு பக்க அளவில் மன்னிப்பு எழுதி, உறையில் போட்டு எடுத்துப் போனேன். நான் எவ்வளவு படித்த முட்டாள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. அக்கா உறையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"நமக்கு வாசிக்க வராதே சார். வாயில சொல்லுங்க."

சுற்றிலும் டூரிஸ்ட் கூட்டம். பழக்கூடைக்குப் பின்னால் ஷைலாவின் ஸ்டவ்வும் துணி மூட்டையும் இருந்தன. பக்கத்தில் ஷைலா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். நான் வாயால் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அக்கா பிளம்ஸைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எங்கிட்ட மன்னிப்பு எதுக்கு சார்? நான் என்ன, வீட்டுல படுத்துத்தான் தூங்குறேன். சாவிக்குப் பதில் சொல்லுங்க."

"எங்க வீட்டுப் பின்னாடி ஒரு ரூம் இருக்கு" என்றேன்.

ஷைலா நிமிர்ந்து பார்த்தார். "அதுல என்ன சார் இருக்கு இப்ப?"

"பழைய கேள்வித்தாள். முப்பத்தாறு வருஷத்துது."

"அத்தனையும் வச்சிக்கிட்டு ஒண்ணுக்குக்கூடப் பதில் எழுதலியா சார் நீங்க?"

அக்கா அப்போதுதான் சிரித்தார்.

அந்த ஞாயிறு விண்ணப்ப ஜெபத்தில் நான் எழுந்து நின்று, பெட்டியில் என்ன இருந்தது, அதை என்ன செய்தேன் என்று சபைக்குச் சொன்னேன். கமிட்டியில் முக்கால் மணி நேரம் பேசியவனுக்கு அன்று நாலு வரிக்கு மேல் வரவில்லை. அக்கா அதைக் கேட்க வரவில்லை. மூன்று ஞாயிறு கழித்துத்தான் வந்தார், ஷைலாவோடு. முந்தானை முடிச்சை அவிழ்த்து, மூடியையும் பீன்ஸையும் டிக்கெட்டையும் பீடத்துக்கு முன்னால் வைத்தார். "சாவி மட்டும் இல்லப்பா. அது சோலி முடிஞ்சிருச்சு" என்று ஆரம்பித்தார். கடைசியில் என் மூலத்துக்கும் வந்து சேர்ந்தார்.

ஆராதனை முடிந்து, "அக்கா, அது ஆபரேஷன் ஆகிச் சரியாயிடுச்சு. இனி விட்டுடலாம்" என்றேன்.

"தெரியும் சார். ஜெபத்துல இருந்து எடுத்துட்டா உங்கள மறந்து போவேன்ல. அது பாட்டுக்குக் கெடக்கட்டும்."

முருகேசன் குடும்பம் மட்டும் திரும்பி வரவேயில்லை. வேறு எங்கோ வேலைக்குப் போய்விட்டார்கள். பெட்டி இன்னும் இருக்கிறது, மூடி இல்லாமல். யாரும் எதையும் போடலாம். போன வாரம் ஒரு பால் பல் இருந்தது. ஆயரம்மா அதைத் தூக்கிக் காட்டி, "இது யாருடைய விண்ணப்பம்?" என்று கேட்டார். ஷைலா என் கேள்வித்தாள்களில்தான் பிரெட் ஆம்லெட் மடித்துக் கொடுக்கிறார். என் வாழ்நாள் உழைப்பு ஒருவழியாக மக்களைப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

போன வருடம் அக்கா ஒட்டன்சத்திரத்துக்கு மகள் வீட்டோடு போய்விட்டார். இப்போதும் நான் அவ்வப்போது வத்தலக்குண்டு போய் வருகிறேன். திரும்பும்போது பஸ்ஸில் சீட் காலியாகத்தான் கிடக்கும். நன்றாக உட்கார முடியும். இருந்தாலும் ஊருக்கு முந்தின பெருமாள்மலை வரும்வரை கம்பியைப் பிடித்தபடி நின்றே வருகிறேன். இதுவரை யாரும் என்ன ஏது என்று கேட்கவில்லை. அக்கா மட்டும் கடைசி சீட்டில் இருந்திருந்தால், இந்நேரம் பேராயர் குஷனோடு கிளம்பியிருப்பார்.