வெள்ளச்சியின் கப்பல்

செவிமங்கலம் என்றொரு நாடு இருந்தது. அதன் கொடியில் புலியும் இல்லை, மீனும் இல்லை. பெரிதாக ஒரு காது இருந்தது. குடிகள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கும் அரசு என்று அதற்குப் பொருள். 'குடியைக் கேட்டு வரி விதி' என்று முதல் அரசர் கோட்டை வாசலில் கல்வெட்டே நட்டுவிட்டுப் போயிருந்தார். ஆண்டுக்கொரு முறை அதிகாரிகள் வரிசையில் நின்று அந்தக் கல்லுக்கு மாலை போட்டார்கள். படித்துப் பார்க்கும் வழக்கம் மட்டும் வரவில்லை.

அந்த நாட்டு ஆற்றில் வெள்ளச்சி பரிசல் ஓட்டினாள். மூங்கிலால் முடைந்து மாட்டுத்தோல் போர்த்திய வட்டப் பரிசல். ஆறு பேர் ஏறலாம். ஏழாவது ஆள் ஏறினால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். புருஷன் போன பிறகு அவளுக்குச் சொத்து, தொழில், சோறு எல்லாமே அதுதான்.

ஒருநாள் அவளுக்கு ஓர் ஓலை வந்தது. 'தங்களைக் கேட்டபின், தங்கள் கப்பலுக்கு நூறு பொன் வரி விதிக்கப்படுகிறது.' வரித்துறைப் பேரேட்டில் தண்ணீரில் மிதப்பதற்கெல்லாம் ஒரே தலைப்புதான் இருந்தது: கப்பல். கப்பலென்று ஒன்றை வெள்ளச்சி கோயில் சுவர்ச் சித்திரத்தில்தான் பார்த்திருக்கிறாள். போய் ஒரு வார்த்தை சொன்னால் சரியாகிவிடும், மத்தியானச் சவாரிக்குள் திரும்பிவிடலாம் என்று பரிசலைக் கரையில் கவிழ்த்துவிட்டு வரிச் சாவடிக்குப் போனாள். பாவம், வெகுளி.

அவள் வாயைத் திறந்ததுமே எழுத்தர் கையை உயர்த்தினார்.

"பேசாதம்மா. வரி விதிச்சாச்சு. விதிக்கிறதுக்கு முன்னாடி பேசினா அது விளக்கம். விதிச்ச பின்னாடி பேசினா முறையீடு. முறையீட்டுக்குக் கால் பங்கு முன்பணம் கட்டணும்."

"முன்னாடி என்னை யாரும் கேக்கவே இல்லீங்களே?"

"நீ இப்ப சொன்னியே, அதுவும் முறையீடுதான்."

பொழுது சாய்வதற்குள் கட்டாத வரிக்கு ஈடாகப் பரிசலைத் தூக்கி வந்து, கூரையில்லாத சாவடிக் கொட்டடியில் பூட்டிவிட்டார்கள். வெயிலில் காய்ந்தால் தோல் வெடித்துவிடும். வெடித்த பரிசல் அடுப்புக்குத்தான் ஆகும். வெள்ளச்சி தினமும் ஒரு குடம் தண்ணீர் சுமந்து வந்து வேலி இடுக்கு வழியாக அதன் மேல் வீசினாள். நான்காம் நாள் 'அரசு உடைமையை நனைத்தல் குற்றம்' என்று ஓர் ஆணை பிறந்தது. அதற்குப் பிறகு காவலன் அசந்த நேரம் பார்த்து வீசினாள்.

நல்லவேளையாக அந்த நாட்டில் அறமன்றம் என்று ஒன்று இருந்தது. காதில் கிடந்த தோட்டை விற்று அவள் வழக்குப் போட்டாள். வரித்துறைத் தலைவர் அகளங்கர் நேரிலேயே வந்து நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

"கேட்டோம், மன்றத்தாரே. நூறு பொன் கேட்டோம். கல்லில் 'கேட்டு' என்றுதான் இருக்கிறது. எதைக் கேட்டு என்று எங்கே இருக்கிறது?"

நடுவருக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம்தான். "கேட்பதென்றால் கையை நீட்டுவதல்ல, காதைக் கொடுப்பது!" என்று நாற்பது ஓலையில் தீர்ப்பு எழுதி வரியை ரத்து செய்தார். அவள் சொல்வதை முறைப்படி கேட்டு மீண்டும் முடிவெடுக்குமாறு வழக்கைத் திருப்பியும் அனுப்பினார், அதே அகளங்கரிடம். நாடே அந்தத் தீர்ப்பைக் கொண்டாடியது. வெள்ளச்சிக்கும் மனது குளிர்ந்துபோய், நடுவரின் அருகே சென்று மெல்லச் சொன்னாள்.

"சாமி, அது கப்பல் இல்லீங்க, பரிசலுங்க."

நடுவர் பதறிப்போனார். "அதை இங்கே சொல்லக் கூடாதம்மா! கப்பலா பரிசலா என்பதற்குள் இம்மன்றம் நுழையாது. உன்னைக் கேட்டார்களா இல்லையா என்பதை மட்டுமே பார்க்கும்."

அகளங்கர் இதற்கெல்லாம் அசருகிற ஆளா? வெள்ளச்சிக்கு நாளைக் காலை அக்கரைச் சாவடியில் விசாரணை என்று தண்டோரா போடச் சொன்னார். தண்டோராவும் அக்கரையில்தான். அதிகாரிகள் அரசுப் படகில் போய்ச் சேர்ந்தார்கள். மற்றவர்கள் அக்கரை போக இருந்த ஒரே பரிசல் கொட்டடியில் பூட்டிக் கிடந்தது. 'வாய்ப்பளித்தும் வரவில்லை. இருநூறு பொன்' என்று ஓலை வந்தது. அறமன்றம் அறுபது ஓலையில் வெளுத்து வாங்கி, அதையும் ரத்து செய்து, பழையபடி அகளங்கரிடமே அனுப்பி வைத்தது.

இந்த முறை அவர் செவிமண்டபம் ஒன்றே கட்டினார். அதன் சுவரில் ஆளுயர வெண்கலக் காது. குடிகள் அதற்குள் பேச வேண்டும். அரசு கேட்டதாக ஆகும். அந்தச் செலவுக்கு வீட்டுக்கு வீடு காதுவரி வேறு போட்டார்கள். வெள்ளச்சி காதுக்குள் தலையை நுழைத்து, "பரிசலுங்கோ!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். பிறகு சந்தேகப்பட்டுச் சுவரின் பின்பக்கம் போய்ப் பார்த்தாள். வெறும் செங்கல். துளை போடத் திட்டத்தில் இடமில்லை என்றார் கொத்தனார். மறுநாளே ஓலை வந்தது: 'பொறுமையாகக் கேட்டபின், முன்னூறு பொன்.'

"அவள் என்னதான் சொன்னாள்?" என்று மூன்றாம் முறையாக மன்றத்துக்கு வந்த வழக்கில் நடுவர் அகளங்கரிடம் கேட்டார்.

"சொன்னவை யாவும் முழுமையாகக் கருத்தில் கொள்ளப்பட்டன."

"அதுதான், என்ன சொன்னாள்?"

"சொல்ல வேண்டியதைத்தான் சொன்னார்."

எண்பது ஓலை. இந்தத் தடவை திருப்பி அனுப்பவில்லை. வரி அடியோடு ரத்து. 'பறிமுதல் செய்த கப்பலை மனுதாரரிடம் உடனே ஒப்படைக்க வேண்டும்' என்று கடைசி ஓலையில் ஆணை. தெருவில் கற்கண்டு கொடுத்தார்கள். கொடியில் இருந்த காதுக்குச் சந்தனம் பூசினார்கள்.

வெள்ளச்சி ஓலையை மார்போடு அணைத்துக்கொண்டு கொட்டடிக்கு ஓடினாள். பரிசல் கிடந்தது. மூன்று வருஷம் அவள் வீசிய தண்ணீரில் தோல் இன்னும் உயிரோடு இருந்தது. கொட்டடி அதிகாரி ஓலையை இரண்டு தடவை படித்தார். பரிசலைச் சுற்றி வந்தார். குனிந்து தட்டியும் பார்த்தார்.

"கப்பலை ஒப்படைக்கணும்னு போட்டிருக்கு."

"ஆமாங்க."

"இது கப்பல் இல்லையேம்மா. பரிசல்."

வெள்ளச்சிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் கத்தியே விட்டாள்.

"அதத்தானுங்க மூணு வருஷமா நான் சொல்லிட்டிருக்கேன்!"

"பரிசலை விடச் சொல்லி உத்தரவு இல்லம்மா. மன்றத்துத் தீர்ப்பை மீறி நான் எதுவும் செய்ய முடியாது." அதிகாரி ஒரு புது ஓலையை எடுத்து மடியில் வைத்து, எழுத்தாணியைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "அது கிடக்கட்டும். கப்பலை எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"