பெண் பார்க்க வந்த நாய்

ஷேருவின் இரண்டு காதிலும் பஞ்சை வைத்துவிட்டு, குளியலறைக் கதவை ஒருக்களித்து, வெளியே நின்ற மனைவியிடம் குரலைத் தாழ்த்தினார் வெங்கடேஸ்வரன்.

"இது நாய் இல்லைடி பத்மஜா, பரீட்சை!"

காலையில் மகள் மானசாவைப் பெண் பார்க்க வந்த மும்பை அணுசக்தி நகர்க்காரர்கள் கேசரியையும் பஜ்ஜியையும் முடித்துக்கொண்டு, "எங்களுக்குச் சுத்தம்தான் முக்கியம். மாட்டுங்காவுல இன்னும் ரெண்டு வேலை இருக்கு, சாயங்காலம் வரை இவன் இங்கேயே இருக்கட்டும். கூட்டிண்டு போறச்சே முடிவைச் சொல்லிடறோம்" என்று கூட அழைத்து வந்த நாய் ஷேருவை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

முப்பது வருஷம் இன்ஷூரன்ஸ் ஆபீசில் கிளெய்ம் பேப்பர்களை மோந்து பார்த்தவருக்கு இந்த விஷயம் நாற்றமடித்தது. நாயும்தான்.

"அவ்வளவு பெரிய கார்ல வர்றவாளோட நாய் இத்தனை அழுக்கா இருக்குமோ? வேணும்னே விட்டுட்டுப் போயிருக்கா. மானசா கல்யாணமே இவன் முதுகுலதான் இருக்கு."

மானசா போனைப் பார்த்து வாசித்தாள். "அப்பா, தண்ணி வெதுவெதுன்னு இருக்கணுமாம். முகத்துல ஊத்தப்படாதாம். நம்ம ஷாம்பு போட்டா தோல் அரிக்குமாம்."

"அரிச்சா நம்ம தலையில கட்டிடுவா. வேற என்ன இருக்கு?"

"ஏன்னா, பஜ்ஜிக்கு வாங்கின கடலை மாவு இருக்கு" என்றாள் பத்மஜா.

பூசினார். ஷேரு நக்கிப் பார்த்தான், ருசித்துவிட்டது. பூசப் பூச நக்கினான். தண்ணீர் பட்டதும் மிச்ச மாவு உடம்போடு ஒட்டிக்கொள்ள, அப்படியே வாணலியில் போடலாம் என்கிற பதத்தில் நின்றான்.

கழுவப் போனால், டைல்ஸில் நாலு காலும் நாலு திசைக்குப் போயின.

"கால் உடைஞ்சா அதுக்கும் நாமதான்! கீழே ஏதாவது விரிடி!"

அவசரத்தில் பத்மஜா எடுத்து நீட்டியது காலையில் அவர் கட்டிக்கொண்டு நின்ற பட்டு வேஷ்டி. பிடிமானம் கிடைத்த சந்தோஷத்தில் ஷேரு ஓர் உதறு உதறினான். மாவு சீலிங் வரை போயிற்று. வேஷ்டி கிழிந்தது. நாய் கதவிடுக்கில் நழுவி சோபாவில் புரண்டது.

பிடித்து வந்து அலசி முடித்தவர் அலறினார்.

"பத்மஜா! பாதி நாயைக் காணோம்!"

முடி படிந்துபோய், ஒரு பெருச்சாளி அளவில் ஷேரு நடுங்கிக்கொண்டிருந்தான்.

"பட்டினி போட்டுட்டோம்னு சொல்லுவா. உலர்த்துங்கோ, சீக்கிரம்!" என்றாள் பத்மஜா.

மானசா டிரையரைக் குறைந்த சூட்டில், தள்ளிப் பிடித்துக் காட்டினாள். அது இன்னும் வம்பாயிற்று. ஷேரு உப்பினான். வெளுத்தான். காலையில் வந்த பழுப்பு நாய் போய், இலவம்பஞ்சு மாதிரி ஒரு வெள்ளை நாய் உட்கார்ந்திருந்தது.

"போச்சு! நாயை மாத்திட்டோம்னு சொல்லுவா. நாயையே மாத்தறவா பொண்ணை மாத்த மாட்டாளான்னு கேப்பா!"

"கொஞ்சம் டிகாக்ஷன் தடவிப் பார்க்கலாமான்னா?"

வெங்கடேஸ்வரன் அதை நிஜமாகவே யோசித்துக்கொண்டிருந்தபோது மணி அடித்தது.

வாசலில் மாப்பிள்ளை வீட்டு டிரைவர் நாணு மட்டும் நின்றார். "எல்லாரும் கார்ல இருக்காங்க. வீட்டுல பேசிட்டு போன் பண்ணுவாங்களாம்."

வெங்கடேஸ்வரன் தயங்கித் தயங்கி நாயை நீட்டினார். "இது... அதே நாய்தான்."

நாணு அதை முகர்ந்து பார்த்து மனம் நிறைந்து சிரித்தார்.

"நல்ல குளி சாரே! போன ஞாயிறு டோம்பிவிலி பொண்ணு வீட்டுல நகம் வெட்டிக் குடுத்தாங்க, அதுக்கு முந்தி முலுண்டுல உண்ணி எடுத்தாங்க. இனி தடுப்பூசி மட்டும்தான், அதுக்குத்தான் வர்ற ஞாயிறு அம்பர்நாத்துல பொண்ணு பார்க்கப் போறோம்!"