உத்தியோகானந்தரின் திரும்பாத தபால்

உத்தியோகானந்த சுவாமிகள் கையால் தபாலில் போன விண்ணப்பம் திரும்பி வந்ததாகச் சரித்திரமே கிடையாது. 2002ஆம் ஆண்டு ஜெர்மனியில் வேலை போய் நின்ற தமிழ் எஞ்சினியர்களுக்கு இதைவிடப் பெரிய அற்புதம் தேவைப்படவில்லை. சனிக்கிழமை விடிந்தால் ஹம் நகரத்துக்குக் கூட்டம் கூட்டமாகக் கிளம்பினார்கள். ஐந்து பேர் சேர்ந்து போகும் மலிவு டிக்கெட், வழியில் நாலு ரயில் மாற்றம், பையில் புளிசாதம். சுவாமிகளின் மாடிப்படியில் வரிசை கீழே தெருவரை நின்றது. அத்தனை பேரும் படித்தவர்கள். சிலர் ரொம்பவே படித்தவர்கள்.

அந்த வரிசையில் தியாகுவும் நின்றான். வால்டோர்ஃபில் ஒரு சின்ன கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டராக இருந்தவன். புரோகிராம் எழுதியவன் குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்து 'சரியாக இருக்கிறது' என்றாலும் நம்பாமல், நூறு தடவை சோதித்துக் குற்றம் கண்டுபிடிப்பதுதான் அவனுடைய பிழைப்பு. அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஜூன் மாதம் கம்பெனியை இழுத்து மூடினார்கள். நவம்பர் முப்பதுக்குள் வேறு வேலை, இல்லாவிட்டால் விமானம் என்று வெளிநாட்டவர் அலுவலகத்து அம்மாள் சிரித்த முகத்தோடு முத்திரை குத்திக் கொடுத்துவிட்டாள். திருச்சியில் இருந்த நல்ல வேலையை இவனை நம்பி விட்டுவிட்டு வந்த மனைவி சுபத்ரா, நாள்காட்டியில் நவம்பர் பக்கத்தைப் புரட்டாமலே இருந்தாள்.

ஜெர்மனியில் வேலைக்கு விண்ணப்பிப்பது லேசான காரியம் இல்லை. மாப்பே என்று ஒரு தடித்த கோப்பு வாங்க வேண்டும். அதில் டை கட்டிய புகைப்படம், வாழ்க்கைக் குறிப்பு, சான்றிதழ் நகல்கள் எல்லாம் வைத்து அனுப்ப வேண்டும். வேலை இல்லையென்றால் கம்பெனிக்காரன் அதைக் குப்பையில் போடமாட்டான். யோக்கியன். 'உங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்' என்று ஒரு கடிதத்தைச் செருகி, மாப்பேயை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவான். வீட்டுத் தபால்பெட்டிக்குள் அது தொப்பென்று விழும். தியாகு அதுவரை இருபத்து மூன்று தொப் கேட்டிருந்தான்.

"சிவராமுக்கு வேலை கிடைச்சிடுச்சு, தெரியுமா? சாமி போஸ்ட் பண்ணின அஞ்சாவது நாள்!" என்று சேதி கொண்டுவந்தவன் அடுத்த வீட்டு விஷால். சிவராமுக்கு வேலை கொடுத்தது அவனுடைய பழைய மேலாளர், அதுவும் போனிலேயே. இதை யாரும் விசாரிக்கவில்லை. விசாரித்தால் அற்புதம் கெட்டுப்போகும் அல்லவா?

சுவாமிகளின் பூர்வாசிரமப் பெயர் குருமூர்த்தி. காவி வேட்டிக்கு மேல் குளிருக்குக் கம்பளி ஸ்வெட்டர். பின்னால் திரை போட்ட பெரிய அலமாரி, அதன்மேல் நவக்கிரகங்களும் ஒரு தொலைபேசியும். தியாகுவின் மாப்பேயை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார்.

"டை யாரோடது?"

"விஷாலோடது, சாமி."

"அதான். இரவல் டை, சனி உக்காந்திருக்கான். டோன்ட் ஒர்ரி. மூணு நாள் பூஜையில வெச்சு, நல்ல ஹோரையில நானே போஸ்ட் பண்றேன். ஒண்ணே ஒண்ணு. ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாள், கம்பெனிக்கு நீங்க போன் பண்ணிக் கேக்கக் கூடாது. கேட்டா சக்தி லீக் ஆயிடும்."

மாப்பே ஒன்றுக்கு இருபது யூரோ காணிக்கை. ஆகஸ்டில் நாலு, செப்டம்பரில் ஏழு, ஆக மொத்தம் பதினொன்றைத் தியாகு சுவாமிகளிடம் ஒப்படைத்தான். அப்புறம் பாருங்கள், மகிமை! தபால்பெட்டி வாயே திறக்கவில்லை. ஒரு தொப் இல்லை. "பார்த்தியா சுபத்ரா, ஒண்ணுகூட ரிட்டர்ன் வரலை!" என்று கேசரி கிண்டச் சொன்னான். வேலை கிடைத்ததற்குக் கேசரி சாப்பிட்டவர்கள் உண்டு. ஒன்றுமே நடக்காததற்குச் சாப்பிட்டவன் தியாகு ஒருவனாகத்தான் இருக்கும்.

அக்டோபர் முதல் சனிக்கிழமை பன்னிரண்டாவது மாப்பேயோடு ஹம்முக்குப் போனான். சுவாமிகள் வீட்டுக்குக் கீழே ஒரு மளிகைக் கடை. அதிலேயே தபால் கவுண்டரும் உண்டு. நடத்துகிறவர் யாழ்ப்பாணத்து றீற்றா அக்கா. தியாகு தண்ணீர் பாட்டில் வாங்க உள்ளே நுழைந்தான்.

"மேலை போறியளோ, தம்பி?"

"ஆமாக்கா. சாமி போஸ்ட் பண்ணினா ரிட்டர்னே வராது."

"ஓம், கேள்விப்பட்டனான். ஆனா ஒண்டு சொல்லுறன். ஆறு மாசமா உங்கட சாமியார் இஞ்சை ஒரு முத்திரை வாங்கினதில்லை. ஒரு மாப்பே கொண்டு வந்ததில்லை."

தியாகுவுக்குச் சுருக்கென்றது. "வேற போஸ்ட் ஆபீஸ்ல போடலாம்லக்கா?"

"போடலாம். நானும் சாமியாருக்குப் பின்னாலை போய்ப் பாக்கேல்லை. என்னையும் நம்பாதேங்கோ. சோதிச்சுப் பாருங்கோ. இந்த மாப்பேயை என்ர கடை விலாசத்துக்கு எழுதிக் குடுங்கோ. மேலையிருந்து கீழை வாறதுக்கு எத்தினை நாள் செல்லும்?"

சோதித்துப் பார் என்ற சொல்லைக் கேட்டதும் தியாகுவின் காது சூடாகிவிட்டது. சம்பளம் கொடுத்தவனுக்காக எட்டு வருடம் சோதித்தவன், தன் பிழைப்புக்காக ஒரு தடவைகூடச் சோதிக்கவில்லை. உறையில் 'மேலாளர், றீற்றா உணவு நிறுவனம்' என்று எழுதி, அதே தெரு, அதே கதவு எண்ணைப் போட்டு மேலே போய்க் கொடுத்தான். சுவாமிகள் வாங்கி வைத்துக்கொண்டார். முகவரியைப் பார்க்கவில்லை. அனுப்பாதவருக்கு முகவரி எதற்கு?

இரண்டு வாரம் போயிற்று. பதினெட்டுப் படி இறங்கி வர அந்த மாப்பேக்கு நேரம் கிடைக்கவில்லை. மூன்றாவது சனிக்கிழமை தியாகு, கூட்டம் நிறைந்திருக்கும் நேரமாகப் பார்த்துச் சுவாமிகள் முன்னால் உட்கார்ந்தான். பின்னால் ஏப்ரனோடு றீற்றா அக்கா.

"சாமி, அந்த றீற்றா கம்பெனி மாப்பே என்னாச்சு?"

சுவாமிகள் கண்ணை மூடினார். "போய்ச் சேர்ந்தாச்சு! தெரியுது. பெரிய கண்ணாடிக் கட்டிடம். எம்.டி. டேபிள் மேல உங்க மாப்பே. சிவப்பு டை கட்டியிருக்கார். உங்க போட்டோவையே பார்த்துட்டிருக்கார். முகத்துல என்னா திருப்தி!"

கூட்டம் "ஆஹா" என்றது. ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சாமி, அந்த எம்.டி. நான்தான். கீழைதான் இருக்கிறன். எனக்கு ஒண்டும் வரேல்லை," என்றார் றீற்றா அக்கா.

சுவாமிகள் கண்ணைத் திறந்தார். அதற்குள் தியாகு அலமாரித் திரையை விலக்கிவிட்டான். உள்ளே அடுக்கடுக்காக மாப்பேக்கள். நூறு இருக்கும், இருநூறும் இருக்கும். பிராங்க்பர்ட், டார்ம்ஸ்டாட், ஸ்டுட்கார்ட், எல்லா ஊர்த் தமிழர்களும் டை கட்டிக்கொண்டு பத்திரமாக இருந்தார்கள். தன்னுடையதை ஒவ்வொன்றாக எடுத்துத் திறந்தான். விஷாலின் டையில் பன்னிரண்டு தியாகு. பன்னிரண்டு பேரும் அசட்டுத்தனமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இந்த முகத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் ஏமாற்றத் தோன்றாது என்று அவனுக்கே பட்டது.

"சூட்சும ரூபத்தில் அனுப்பிட்டேன்!" என்று சுவாமிகள் எழுந்தார். "ஸ்தூல ரூபம் இங்கதான் இருக்கும்! இது தேவரகசியம்!"

"அப்ப சம்பளமும் சூட்சுமமாத்தான் வருமோ?" என்றார் றீற்றா அக்கா.

முதலில் ஒருவர் சிரித்தார். அவருக்கு அடுத்த வாரம் விசா முடிகிறது. சிரித்துக்கொண்டே அழ ஆரம்பித்தார். அப்புறம் ஆளுக்கு ஆள் அலமாரியில் பாய்ந்து தங்கள் முகத்தைத் தேடினார்கள். அந்த அமளியில் உத்தியோகானந்தர் ஸ்தூல ரூபத்திலேயே கொல்லைப் பக்கப் படி வழியாக இறங்கிப் போய்விட்டார். அன்று கூடவே வந்திருந்த விஷால் மட்டும் தன் மாப்பேயை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினான். அடிக்கத்தான் ஓடுகிறான் என்று தியாகு நினைத்தான்.

"சாமி! போறதுக்கு முன்னாடி இதை ஒருதரம் தொட்டுட்டுப் போங்க! நானே போஸ்ட் பண்ணிக்கறேன்!"

தியாகு கீழே வந்து தபால்தலை வாங்கி, பதினொரு மாப்பே உறையையும் தன் நாக்காலேயே நனைத்து ஒட்டி, றீற்றா அக்கா கையில் கொடுத்தான். பன்னிரண்டாவதை அக்கா தன்னுடைய தபால் என்று வைத்துக்கொண்டார். நவம்பர் முப்பதுக்கு இன்னும் ஆறு வாரம். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சுபத்ராவிடம் சொன்னான். அவள் திட்டவில்லை. "அந்தக் கேசரியையாவது நானே சாப்பிட்டிருக்கலாம்," என்றாள்.

ஒன்பதாம் நாள் தபால்பெட்டியில் தொப்பென்று விழுந்தது. தியாகு ஓடிப்போய் எடுத்தான். 'உங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்.' அட, நிஜமாகவே போய்வந்திருக்கிறது! அந்தக் கடிதத்தை முத்தமிடாத குறை. அதேபோல் எட்டு வந்தன. இரண்டு கம்பெனிகள் போன் செய்து, ஆகஸ்டிலேயே அனுப்பியிருந்தால் எடுத்திருப்போமே என்று வருத்தப்பட்டன. அதைக் கேட்ட இரவு அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மிச்சமிருந்த ஒன்று நேர்காணலுக்குக் கூப்பிட்டது.

"இந்தக் கடிதத்தில் ஆகஸ்ட் தேதி இருக்கிறதே, இத்தனை நாள் எங்கே இருந்தது?" என்று கேட்டார் மேலாளர்.

தியாகு ஒளிக்காமல் சொன்னான். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார். "டெஸ்டர் வேலைக்கு வந்துவிட்டு, சோதிக்காமல் ஏமாந்த கதையைச் சொல்கிறீர்களே?"

"அந்தப் பாடத்தை என் சொந்தச் செலவில் படித்துவிட்டேன், ஐயா. இனி உங்கள் செலவில் படிக்க மாட்டேன்."

நவம்பர் இருபத்தாறாம் தேதி கையெழுத்தாயிற்று. விஷால் சேதி கேட்டு ஓடோடி வந்தான், கண்ணெல்லாம் பரவசம். "பார்த்தியா! என்ன இருந்தாலும் சாமி அலமாரியில நாப்பத்தெட்டு நாள் இருந்த மாப்பே! வீண் போகுமா?"

தியாகு அவனுடைய டையைக் கழற்றி அவன் கையிலேயே கொடுத்தான். கடவுளைச் சோதிக்கக் கூடாது என்கிறீர்களா? சரி, சோதிக்க வேண்டாம். அவர் பேரைச் சொல்லி உங்கள் தபாலை வாங்கி வைத்துக்கொள்கிறானே, அவன் அலமாரியையாவது ஒருதரம் திறந்து பாருங்களேன், புண்ணியவான்களே!