முடிந்தவர்களை மட்டும் எண்ணுகிறவர்

ஆயுள்சொல்லிகள் என்று ஓர் இனம் உண்டு. இவர்கள் ஜாதகம் கேட்க மாட்டார்கள், கையை நீட்டச் சொல்ல மாட்டார்கள். காடி பேட்டரி இரண்டு வருடம், தண்ணீர் பம்பு நான்கு, முட்டி ஆபரேஷன் ஆறு என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டு போவார்கள். எங்கே கற்றார்கள் என்கிறீர்களா? பேட்டரியைப் பட்டறையில். மனிதர்களைச் சாவு வீட்டில்.

சுங்கைப் பட்டாணியில் எங்கள் தாமான் குடியிருப்பில் எட்டு வீடு தள்ளி இருக்கும் தேவதாசன் இந்த இனத்தில் முதல்தரம். அரசாங்க அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு சாவையும் தவறவிட மாட்டார். என்ன நோய், எத்தனை வருடம் என்று தணிந்த குரலில் விசாரித்து, தலையாட்டி, மனத்தில் பதிந்துகொள்வார். கெட்ட மனிதரா? இல்லை. பெட்டி தூக்க முதல் தோள் அவருடையதுதான். அதனால்தான் அவர் பேச்சை ஊர் நம்பியது.

போன வருடம் மளிகைக்கடை பிச்சைக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து, உடனே டயலிசிஸ் தொடங்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆரஞ்சுப் பையோடு பார்க்கப் போன தேவதாசன், திரும்பும்போது வாசல் கேட்டில் பிச்சையின் மனைவி நவமணியிடம் மெல்லச் சொன்னார்:

"டயலிசிஸ்னா நாலு வருஷம்தான் தங்கச்சி. ஆறு பேரப் பார்த்துட்டேன். உள்ளத சொல்லணும்லா."

ஜன்னல் திறந்திருந்தது. நாலு வருடத்துக்காக வாரம் மூன்று நாள் மெஷினில் கிடப்பதற்குப் பதிலாக, இருக்கிறவரை கடையில் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன் என்று மறுநாள் பிச்சை சொல்லிவிட்டார். கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது. நவமணி குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள். இப்படிப் பத்து நாள்.

பதினோராவது நாள் அலோர் ஸ்டாரிலிருந்து பிச்சையின் அக்காள் மகள் ஷாமளா வந்தாள். ஒரு சிகிச்சைக்குப் பிறகு நோயாளிகள் எவ்வளவு காலம் வாழ்கிறார்கள் என்று பதிவேடுகளிலிருந்து மதிப்பிடுவதுதான் அவள் உத்தியோகம். மாமாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராகத் தேவதாசன் வீட்டுக்குப் போனாள். ஆறு பேர் யார் என்று கேட்டாள். தேதியோடு சொன்னார், எல்லாம் உண்மை. இப்போதும் டயலிசிஸ் செய்துகொண்டிருப்பவர்கள் எவரையாவது தெரியுமா என்றாள். லக்ஷ்மி டீச்சர் ஒன்பது வருடமாகப் போகிறார், செமிலிங் ஊர்க் கார்த்திகேசு ஏழு வருடமாக. ஜெயசங்கர் ஐந்து வருடம் செய்துவிட்டு ஜித்ராவுக்குக் குடிபோனார், பிறகு தகவல் இல்லை என்றார்.

"இவங்கள ஏன் அங்கிள் சேர்க்கல?"

"இவங்கதான் இன்னும் முடியலையே. முடியாதவங்கள எப்படிக் கணக்குல எடுக்கிறது?"

ஷாமளா சிரிக்கவில்லை. படித்தவர்களும் வழுக்கி விழும் இடம் அது.

"டீச்சர் ஒம்பது வருஷத்தத் தாண்டிட்டாங்கன்னு தெரியுதுல்ல. ஜித்ராவுக்குப் போனவரு அஞ்சு வருஷம் வரைக்கும் இருந்தாருன்னு தெரியுது. தெரிஞ்ச வரைக்கும் அவங்களையும் எண்ணணும் அங்கிள். விட்டுட்டா செத்தவங்க மட்டும்தான் பேசுவாங்க."

மாமாவுக்கு எத்தனை வருடம் என்று தனக்கும் தெரியாது, ஆனால் நாலு என்று யாராலும் சொல்ல முடியாது என்றும் சொன்னாள்.

தேவதாசன் சட்டையை மாட்டிக்கொண்டு, காடியை ஓட்டிப் போய் லக்ஷ்மி டீச்சரை அழைத்துவந்து பிச்சையின் எதிரே உட்காரவைத்தார். டீச்சர் தைரியமெல்லாம் சொல்லவில்லை. டயலிசிஸ் நிலையத்தில் ஏர்கானை ரொம்பக் குளிராக வைக்கிறார்கள், கம்பளி இல்லாமல் போகக்கூடாது என்று ஒரு மணி நேரம் குறைபட்டுக்கொண்டார். அவர் எழுந்தபோது பிச்சை மனைவியைப் பார்த்துக் கேட்டார்: "நம்ம வீட்ல கம்பளி இருக்கா?"

பதினான்கு மாதம் ஆகிறது. கடை வாரத்தில் நான்கு நாள் திறக்கிறது. தேவதாசன் திருந்தினாரா? திருத்தமானார். இப்போது உயிரோடு இருப்பவர்களுக்கும் மாதாமாதம் போன் போட்டு நலம் விசாரிக்கிறார். எதற்கு விசாரிக்கிறார் என்று புரிந்துகொண்ட கார்த்திகேசு எண்ணை மாற்றிவிட்டார். கடைசியாகப் பேசிய தேதியோடு அவர் பெயர் தேவதாசனின் பட்டியலில் இருக்கிறது.

உங்களுக்குச் சிரிப்பு வருகிறது. வரட்டும். சமீபத்தில் நண்பர் ஒருவர் தமக்கு வந்திருக்கும் நோயின் பெயரை உங்களிடம் சொன்னாரே, உடனே "அட, நமக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கும் இதேதான்" என்று ஆரம்பித்தீர்களே, அந்த ஒருத்தர் இப்போது எங்கே இருக்கிறார்?